‘இன்று’ என்பது எந்த நாள்? – பேரிடர்க் காலச் சமூக ஊடகத் தமிழ்



மலாக்காத் தோட்டங்களில் நம் முன்னோர்க்குச் செய்தி கிடைத்த இடம் பெரட்டுக் களம். விடியுமுன் ஆட்கள் கூடுவர். தண்டல் அன்றைய வேலையைச் சொல்வார். ‘இன்று’ எந்த நாள், ‘இங்கே’ எந்த இடம், சொல்பவர் யார் என்னும் ஐயம் எவர்க்கும் எழவில்லை.

அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு எனத் தொல்காப்பியம் வகுத்தது. ‘இன்று’, ‘இங்கே’ போன்ற சுட்டுச்சொற்களுக்குச் சொல்லும் காலமும் இடமுமே பொருள் தருகின்றன. ‘நாளை’ என்பதும் அவ்வாறே.

புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், செய்தி கைமாறும்போது அக்காலமும் இடமும் கழன்றுவிடுகின்றன. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பின்னர் விதிகள் அடிக்கடி மாறின. ‘இன்று முதல் 10 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லலாகாது’ என்னும் வரி ஏப்ரல் தொடக்கத்தில் மெய். மே நடுவில் அதைப் பெற்றவர்க்கு மெய்யன்று. பொய்யுரைக்க எண்ணியவர் எவருமிலர்.

இவ்வூடகங்களின் பயனையும் நாம் கண்டோம். 2021 நடுப்பகுதியில், உணவின்றித் தவித்தோர் வீட்டின்முன் வெள்ளைக்கொடி கட்டினர். படமும் இருப்பிடமும் பரவவே, அக்கம்பக்கத்தார் உணவுப்பொருளுடன் வந்தனர். அவ்வாண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் சிக்கியோர் தம் முகவரியைப் பதிவிட்டனர். தன்னார்வலர் படகுகளில் தேடிச் சென்றனர். ஈரிடத்தும் உதவியது, இடத்தைத் திட்டமாகச் சொன்னமையே.

2022 சனவரியில் வெள்ளம் மலாக்காவையும் தாக்கியது. அத்தகைய இரவொன்றில் ஜாசினில் வாழும் மூதாட்டி ஒருவர், ‘பள்ளியில் துயர்துடைப்பு மையம் திறந்துவிட்டது, உடனே வாருங்கள்’ என்னும் குரல்பதிவைக் கேட்பதாகக் கொள்வோம். எந்தப் பள்ளி? என்று திறந்தது? பழைய செய்தியை நம்பி அவர் நீரில் இறங்கினால் உயிர்க்கே கேடு.

மாணவர்களே, மலாய் அறிவிப்பைத் தமிழாக்கிப் பாட்டிக்குச் சொல்பவர் பெரும்பாலும் நீங்களே. ‘இன்று’ என்பதற்குப் பகரமாகத் தேதியும் மணியும் எழுதுக. ‘இங்கே’ என்பதற்குப் பகரமாக ஊரும் பள்ளிப் பெயரும் எழுதுக. அறிவித்த அலுவலகம் எதுவெனக் குறிப்பிடுக, தெரியாவிடின் அனுப்பற்க. குரல்பதிவிலும் நாளையும் நேரத்தையும் முதலில் சொல்லுக.

ஆசிரியர்கள் சுட்டுப் பாடத்தை இத்தகைய செய்திகளைக் கொண்டே நடத்தலாம். இலக்கணம் உயிர்காக்கும் என்பதை வகுப்பறை அன்று உணரும்.

பெரட்டுக் களம் இனி மீளாது. அது தந்த நாளையும் இடத்தையும் சொல்பவர் பெயரையும் நாம் செய்திக்குள்ளேயே எழுதிவைக்க இயலும்.