கல்லூரி மாணாக்கரும் சமூக ஊடகமும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



யான் கணிப்பொறி நூல் கற்றவனல்லேன். பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். ஆயினும், என்னிடம் பயின்று கல்லூரி புகுந்த மாணாக்கர் பலர் விடுமுறைதோறும் என்னைக் காண வருகின்றமையின், அவர்தம் இன்ப துன்பங்களை ஓரளவு அறிவேன். அவ்வறிவைத் துணைக்கொண்டே, செயலாளர் அவர்கள் பணித்த இப்பொருள்பற்றிச் சில கூறத் துணிந்தேன்.

முதற்கண், இவ்வூடகம் பிறந்த இடத்தை நோக்குவோம். முகநூல் கடைத்தெருவிற் பிறந்ததன்று. மாணவர் விடுதியிற் பிறந்தது. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதிகளில், மாணவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும்பொருட்டு அவர்தம் நிழற்படங்களைப் பெயரோடு தொகுத்து வைத்தல் அந்நாளில் வழக்கமாயிருந்தது. அத்தொகுப்பின் பெயரே இதற்கும் பெயராயிற்று. அங்குப் பயின்ற 19 வயது இளைஞராகிய மார்க் சக்கர்பர்க், தோழர் சிலருடன் கூடி, 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அதனை இணையத்தில் நிறுவினார். தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகத்தார்க்கு மட்டுமே அதில் இடமிருந்தது. பின்னர்க் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் எனக் கல்லூரி கல்லூரியாகப் பரவி, 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில், 13 வயது நிரம்பிய யாவர்க்கும் அதன் வாயில் திறக்கப்பட்டது.

ஒரு கல்லூரியில் முன்னும் மற்றொன்றிற் பின்னுமாக அது நுழைந்தமை, ஆராய்ச்சியாளர்க்கு வாய்ப்பாயிற்று. முகநூல் வந்துவிட்ட கல்லூரி மாணவரையும், இன்னும் வாராத கல்லூரி மாணவரையும் ஒப்பிட்டு நோக்கி, பிராகியேரி, லெவி, மகாரின் என்னும் அறிஞர் மூவர் எழுதிய கட்டுரை 2022-ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் எக்கனாமிக் ரிவியூ’ என்னும் இதழில் வெளிவந்தது. முகநூல் புகுந்த இடத்து மாணவரிடையே மனச்சோர்வு மிகுந்தது; மனநலக் குறைவாற் கல்வி கெட்டதென்று கூறினோரும் மிகுந்தனர். இதற்குக் காரணம் யாதென ஆராய்ந்தவர்கள், தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுத் தாழ்வாக எண்ணுதலே எனக் கருதினர். ஆண்டுப் பயின்ற மாணவர் மதுவருந்தும் அளவு முகநூலால் மிகவில்லை. ஆனால், ‘ஏனையோர் மிகுதியாக அருந்திக் களிக்கின்றனர்’ என்னும் எண்ணம் மட்டும் மிகுந்ததாம்! இல்லாத களிப்பை இருப்பதாக எண்ணி ஏங்குதல் எத்துணைப் பேதைமை! இவ்வெண்ணம், கல்லூரி வளாகத்திற்கு வெளியே தங்கிப் படித்தோரிடமே மிகுதியாகக் காணப்பட்டது.

இஃது அயல்நாட்டுச் செய்திதானே என்று எண்ணற்க. என் பழைய மாணாக்கன் ஒருவன், தன் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி கண்டவன்; தந்தையார் சுமைவண்டி ஓட்டுபவர். விடுதித் தோழர் இன்ஸ்டாகிராமில் இட்ட படங்களை இரவெல்லாம் நோக்கி, ‘எல்லோரும் இன்பமாக வாழ்கின்றனர், யான் ஒருவனே இழிந்தவன்’ என்று உட்குமைந்திருக்கிறான். ஒருமுறை அவர்களோடு மலைநாட்டுச் சுற்றுலாச் செல்லும்பொருட்டுப் பருவக் கட்டணத் தொகையைச் செலவிட்டுவிட்டான். கட்டணம் செலுத்த இயலாமற் போகவே, கல்லூரிக்கும் செல்லாமல், வீட்டிற்கும் உரையாமல் என்னிடம் வந்து அழுதான். யான் அவனை அழைத்துக்கொண்டு தந்தையாரிடம் சென்றேன். அவர் ஒரு சொல்லும் கடிந்துரைத்தாரில்லை. அன்னையார் தம் காதணியைக் கழற்றிக் கொடுத்தார். சில திங்கள் கழித்து அவனே எனக்கு உரைத்தது இது: அவன் கண்டு பொறாமையுற்ற தோழருள் ஒருவனும் அச்சுற்றுலாவிற்குக் கடன் பட்டே வந்தானாம், அவனும் இவனைச் செல்வன் என்றே எண்ணியிருந்தானாம்! இருவரும் ஒரே அறையில் உறங்கினவர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் படத்திற் கண்டனரேயன்றி, முகம் நோக்கி மனந்திறந்து பேசினாரல்லர்.

நிற்க. குற்றம் இளைஞருடையது மட்டுமா? அடியேனும் இதற்கு விலக்கல்லேன். என் மகள் பத்தாம் வகுப்பிற் பெற்ற மதிப்பெண்களை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் மகிழ்ந்து இட்டேன். வாழ்த்துகள் வந்து குவிந்தன. அன்று மாலையே, அம்மதிப்பெண்களைக் காட்டி ஓர் உறவினர் தம் மகனை அடித்தார் என்று கேள்வியுற்றேன். என் மகிழ்ச்சி அவ்வீட்டிற் பிரம்பாயிற்று. ‘அவர் மகன் அமெரிக்காவில் இருக்கின்றான், நீ என் செய்தாய்?’ என்று வீட்டில் நாள்தோறும் கேட்கும் நாம், பிள்ளைகள் பிறரோடு தம்மை ஒப்பிடுகின்றனரென்று வருந்துதல் தகுமோ? ஒப்பிடும் பழக்கத்தை நாமே ஊட்டினோம். கைப்பேசி அதனை இரவிலும் தொடரச் செய்தது.

ஆயின், இவ்வூடகத்தை முற்றும் விலக்குக என்று யான் கூறேன். 2015-ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, உணவு வேண்டுவார் இருக்கும் இடத்தையும் உதவுவார் இருக்கும் இடத்தையும் இவ்வழியே இளைஞர் இணைத்ததை நாடறியும். அப்போது அவர்கள் தம்மைப் பிறரோடு ஒப்பிடவில்லை; பிறர்க்கு வேண்டுவது யாதென வினவினர். கருவி ஒன்றே, அதனைக் கையாண்ட நோக்கமே வேறு.

ஆதலின், மாணவச் செல்வங்களே! படிக்கும் வேளையிலும் உறங்கும் வேளையிலும் கைப்பேசியை வேற்றிடத்தில் வையுங்கள். பிறர் படத்தைக் கண்டு மனம் சோருங்கால், அது அவர் வாழ்வின் ஒரு நொடியே என்று நினையுங்கள். அருகில் இருக்கும் தோழனிடம், ‘நலமா?’ என்று வாயாற் கேளுங்கள். பணமுட்டோ தோல்வியோ நேரின், அன்றே வீட்டிற்கு உரையுங்கள். பெற்றோர்களே! அவ்வாறு உரைக்கும் பிள்ளையைச் சினவாது கேளுங்கள். மதிப்பெண்ணையும் ஊதியத்தையும் குழுக்களில் இடுவதை இன்றே நிறுத்துவோம்.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இம்மேடையில் முதன்மை பெற்றோர்க்குப் பரிசு வழங்குகின்றோம், அது நன்றே. அதனுடன், இன்று உயர்நிலையில் உள்ள பெரியோர் இருவரேனும் தாம் தவறிய தேர்வையும், தாம் பட்ட கடனையும் இளைஞர் முன் வாய்விட்டுக் கூறுவாராக. படங்கள் மறைப்பதை அவர் சொல் வெளிப்படுத்தும். அதனைக் கேட்டு, ‘யான் தனியனல்லேன்’ என்று ஒரு பிள்ளை தேறினும், இக்கூட்டம் கூடியதன் பயன் அதுவேயாகும்.