தண்டவாளத்தில் கிடந்த ரொட்டிகள்



நவம்பர் மாதம் இறந்தோரை நினைத்துச் செபிக்கும் மாதம். நம் வீட்டாரின் கல்லறைகளில் மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றி வந்திருக்கிறோம். இந்த வேளையில் தோபித்து நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்ப்போம். நினிவேயில் அகதியாக வாழ்ந்த தோபித்து, திருவிழா விருந்துக்கு அமர்கிறார். நம் இனத்தான் ஒருவன் கொலையுண்டு சந்தைவெளியில் கிடக்கிறான் என்று மகன் வந்து சொல்கிறான். தோபித்து உணவைத் தொடவில்லை. எழுந்து போய் அந்த உடலைத் தூக்கி வருகிறார். கதிரவன் மறைந்ததும் அடக்கம் செய்கிறார்.

தொடாத உணவு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 2020 மே 8. ஊரடங்கு நேரம். மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை செய்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள், ஊருக்குப் போக ரயில் ஏறலாம் என்று தண்டவாளத்தின் வழியே நடந்தார்கள். களைத்துப்போய் அவுரங்காபாத் அருகே கர்மாட் என்ற இடத்தில் தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். ரயில்கள் ஓடவில்லை என்று எண்ணினார்கள். ஆனால் சரக்கு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் 16 பேர் இறந்தார்கள். அவர்கள் வழிக்கு எடுத்து வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தன.

ஓட்டுநர் அவர்களைப் பார்த்தார், ஒலி எழுப்பினார், நிறுத்த முயன்றார், முடியவில்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 30 மீட்டர் கடந்துவிடும். பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழு, தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பதால் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 பேர் இறக்கிறார்கள் என்று சொன்னது.

ஒருவர் அப்படி இறந்தால் ரயில்வே காவல்துறை வழக்குப் பதிகிறது. உடல் கிடந்த இடம், ஓட்டுநரின் வாக்குமூலம், சட்டைப் பையிலுள்ள டிக்கெட், எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். காயம் உயிரோடு இருக்கும்போது பட்டதா, இறந்த பிறகு பட்டதா என்பதை மருத்துவர் உடற்கூறாய்வில் சோதிக்கிறார். வேறெங்கோ கொன்று தண்டவாளத்தில் போட்டிருந்தால் அப்படித்தான் வெளிப்படும். இது வெறும் சடங்கு அல்ல. ரயிலிலிருந்து தவறி விழுந்த பயணி என்று உறுதியானால், குடும்பத்தார் ஓராண்டுக்குள் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்து 8 லட்சம் ரூபாய் கேட்கலாம். இறந்தவருக்கும் நீதி உண்டு.

ஆனால் மருத்துவரால் எப்படி இறந்தார் என்று சொல்ல முடியும். யார் என்று சொல்ல நாம் வேண்டும். கைரேகை, பச்சை குத்திய அடையாளம், புகைப்படம் எல்லாம் எடுத்து வைத்தாலும், இவன் எங்கள் பிள்ளை என்று சொல்ல ஒருவர் வராவிட்டால் பெயரில்லாமலே புதைக்க வேண்டியதாகிறது. நாம் தைக்கும் ஒவ்வொரு பனியனிலும் கம்பெனிப் பெயர் போட்ட லேபிள் இருக்கிறது. அதைத் தைத்தவனின் பெயரை நாம் கேட்டிருக்கிறோமா?

குன்னத்தூரில் ரயில் இல்லை; ஊத்துக்குளிக்குத்தான் போகிறோம். ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தம்பி தங்கைகள் நம் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம்.

முதலாவது, பக்கத்தில் குடியிருக்கும் வெளியூர்த் தொழிலாளியின் பெயரையும், ஊரில் உள்ள ஒருவரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதி வையுங்கள். அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.

இரண்டாவது, நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிறவர்கள் குறுக்கு வழி என்று தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். ஒரு ரயில் போனதும் உடனே கடக்காதீர்கள். அது மறைத்த அடுத்த தண்டவாளத்தில் இன்னொன்று வரலாம். காதில் ஹெட்போன் வேண்டாம். படிக்கட்டில் தொங்க வேண்டாம். மேம்பாலம் சுற்றுவழிதான், ஆனால் அது வீட்டுக்குப் போகும் வழி.

மூன்றாவது, கடனாலோ குடும்பச் சண்டையாலோ மனம் உடைந்து ஒருவர் பேசாமல் ஒதுங்கினால், அவரைத் தனியே விடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். தேவையானால் நீங்களே அழைத்துக் கொடுங்கள்.

தோபித்து இறந்தவனைத் தூக்கினார். நமக்கு அதற்கு முன்பே, உயிரோடு இருக்கும்போதே, தூக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. இன்று திருப்பலியில் அப்பத்தை வாங்கும்போது, தண்டவாளத்தில் கிடந்த அந்த ரொட்டிகளையும் நினைத்துக்கொள்வோம்.

செபிப்போம்: ஆண்டவரே, வழியில் இறந்த எல்லாருக்கும், பெயர் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தாரும். உமக்கு அவர்கள் பெயர் தெரியும். எங்கள் பக்கத்தில் வாழ்கிறவர்களின் பெயரைக் கேட்டறியும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.