நித்திய கல்யாணி செய்யும் வேலை



புற்றுநோயைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் நித்திய கல்யாணியிலிருந்து தொடங்குகிறேன். யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிறதே, சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்கவே பயப்படுகிறார்களே, அந்தச் செடிதான். சொந்த ஊர் மடகாஸ்கர். சர்க்கரை நோய்க்குக் கேட்கும் என்று நம்பி, ஜமைக்காவிலிருந்து வந்த இதன் இலையை 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் சோதித்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் சோதனை விலங்குகளின் வெள்ளையணுக்கள் மளமளவென்று குறைந்தன! வேறொருவர் அத்தோடு கைகழுவியிருப்பார். நோபிளும் அவரோடு ஆய்வு செய்த சார்லஸ் பீரும் விடவில்லை. வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. பின்னாலேயே, அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில், அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின்.

வெள்ளையணு ஏன் குறைந்தது? அந்தக் கேள்விக்குள்தான் கீமோதெரபியே இருக்கிறது.

ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்துக்கொள்கிறது. பிறகு இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் நீண்டு, படியெடுத்ததால் வந்த ஒவ்வொரு ஜோடியையும் பற்றி, தேர்வடம் இழுப்பதுபோல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஒரு ஜோடி சரியாக மாட்டாவிட்டாலும் இழுப்பு தொடங்காது. டிஎன்ஏவில் பழுது இருந்தால் பி53 என்ற புரதம் பிரிவை நிறுத்தும். பழுது தீராவிட்டால் அந்தச் செல்லையே சாகச் சொல்லும். அதுவும் செத்துப்போகும். நம் உடம்பில் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்!

புற்றுநோயில் இந்த ஒழுங்குதான் குலைகிறது. பிரியச் சொல்லும் மரபணு ஓயாமல் பிரியச் சொல்கிறது. நிறுத்தச் சொல்லும் மரபணு வாயடைத்துப் போகிறது. மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் பி53 கெட்டிருக்கிறது. இது ஒரே நாளில் நடப்பதில்லை. வயது, புகையிலை, சில கிருமிகள், வெறும் தற்செயல் என்று பிழைமேல் பிழை சேர ஆண்டுகள் ஆகும். "நான் என்ன பாவம் செய்தேன்" என்று அழும் தாயிடம் சொல்லுங்கள்: பாவமெல்லாம் இல்லை அம்மா, செல் படியெடுத்ததில் வந்த பிழை.

வின்கிரிஸ்டின், குரோமோசோம்களை இழுக்கும் அந்த இழைகளை உருவாகவிடாது. செல் பாதியில் நின்று மடிகிறது. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இன்னும் முன்னாலேயே போய், டிஎன்ஏ செய்யத் தேவையான சரக்கை நிறுத்துகிறது. அமெரிக்காவில் அதை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தாராளமாகக் கைதட்டுங்கள்.

ஆனால் இந்த மருந்துகளுக்கு எது நோய்ச்செல் என்று தெரியாது. எது பிரிகிறது என்றுதான் தெரியும். முடியின் வேர் வேகமாகப் பிரிகிறது, அதனால் முடி கொட்டுகிறது. வாயின் உட்தோல் பிரிகிறது, அதனால் வாய்ப்புண். எலும்பு மஜ்ஜை பிரிகிறது, அதனால் வெள்ளையணு குறைகிறது. முடி பெரும்பாலும் திரும்ப வளரும், மஜ்ஜையும் தேறும். அது தேறத்தான் பல மருந்துகளுக்கு இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விடுகிறார்கள்.

ஒரேயடியாகக் கொடுத்து முடித்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் நோய்ச்செல்களில் ஒரு பங்குதான் சாகும். மிச்சத்தில் ஒரு பங்கு அடுத்த முறை. ஸ்கேனில் ஒன்றுமே தெரியாதபோதும் கோடிக்கணக்கான செல்கள் ஒளிந்திருக்கலாம். கட்டி கரைந்துவிட்டது, மீதி ஊசி எதற்கு என்று பாதியில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. 1940களில் ரத்தப் புற்று வந்த குழந்தை சில மாதங்களில் இறந்துவிடும். இன்று நல்ல மருத்துவமனைகளில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில், 100க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில், முழுசாகக் கொடுத்ததால் பிழைக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டுவிட்டு யாரும் நித்திய கல்யாணி இலையை அரைத்துக் குடிக்காதீர்கள். அது விஷம். டன் கணக்கான காய்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்து, அளந்து, ரத்தநாளத்தில் ஏற்றுவதுதான் மருந்து.

இன்னொன்று. உங்கள் வீட்டில் கீமோ எடுப்பவருக்கு உடம்பு சுட்டால் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளையணு குறைந்திருக்கும் நேரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றால், நடுராத்திரியானாலும் வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, கீமோ எடுக்கிறார் என்று சொல்லுங்கள்.