கெத்தும் தண்ணி நரம்பில் செய்வது

சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் பக்கம் இருப்பவர்களுக்குக் கெத்தும் மரத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அகன்ற, பளபளப்பான இலை. நடு நரம்பு சில மரங்களில் பச்சை, சிலவற்றில் சிவப்பு. இலையைப் பானையில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, கசக்கும் சாற்றைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டு விற்கிறார்கள். நாள் முழுக்க வெயிலில் உழைப்பவர் அதைக் குடித்ததும் வலி தெரியவில்லை என்கிறார். உண்மையைத்தான் சொல்கிறார்.

காரணம், இலையிலுள்ள மித்ராஜினின் என்ற ஆல்கலாய்டு. ஃபீல்டு என்ற ஆய்வாளர் 1921-இல் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அபினிலிருந்து வரும் மார்ஃபின் மூளையில் எந்த ஏற்பிகளில் ஒட்டுகிறதோ, அதே ஏற்பிகளில்தான் இதுவும் ஒட்டுகிறது. போதாததற்கு, நம் கல்லீரலே இதன் ஒரு பகுதியை இன்னும் வீரியமான பொருளாக மாற்றிவிடுகிறது. வலிச் செய்தி மூளையில் மங்குகிறது; செம்பனைக் குலை தூக்கித் தேய்ந்த இடுப்பு தேய்ந்தபடியே இருக்கிறது. கொஞ்சம் குடித்தால் சுறுசுறுப்பு, கூடினால் மயக்கம், மிதமிஞ்சினால் வலிப்புகூட வரலாம்.

தினமும் குடித்தால் நரம்புகள் அதற்குப் பழகிவிடும். நிறுத்தியதும் உடம்பெல்லாம் வலி, மூக்கொழுகல், தூக்கமில்லாத இரவு, காரணமில்லாத கோபம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடமாநிலங்களில் நெடுநாள் குடித்தவர்களிடம் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் இப்படித் தவித்தால் அதைத் திமிர் என்று திட்டாதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது, இளைஞர்கள் இதில் இருமல் மருந்தைக் கலப்பது. கோடீன் உள்ள மருந்தானால் இரண்டும் சேர்ந்து மூச்சை மந்தமாக்கும். கல்லீரல் சில மருந்துகளை உடைக்கும் வேகத்தையும் கெத்தும் குறைப்பதால், வழக்கமான மாத்திரையே ரத்தத்தில் அளவு மீறலாம்.

தாய்லாந்து 2021-இல் கெத்துமைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவில், 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் இருக்கிறது: 10,000 ரிங்கிட் வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பயத்தில் பலர் டாக்டரிடம் மறைக்கிறார்கள். மறைத்தால் சிகிச்சை தவறிப்போகும். குடித்தவர் எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எதைக் கலந்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் பையையும் மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.