ஊழியர் தம்மைத் திருநங்கை என்று அறிவித்தால்

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொட்டிக்கு நீரேற்றும் ஊழியர் ஒருவர், "நான் திருநங்கை, இனிப் பெண்ணாகவே பணிக்கு வருவேன்" என்று தலைவரிடம் தெரிவிப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர் நகைக்குமே என்றஞ்சி அவரை நிறுத்திவிடச் சிலர் எண்ணக்கூடும். அது கூடாது. வேலையில் திருநங்கையரிடமும் திருநம்பியரிடமும் பாகுபாடு காட்டலாகாதென 2019ஆம் ஆண்டில் இயற்றிய மத்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவு விதித்தது. சட்டத்தால் அமைந்த பஞ்சாயத்தும் அதற்கு உட்பட்டதே.

அமெரிக்காவில் லின் கான்வே என்னும் கணினிப் பொறியாளர் இவ்வாறு அறிவித்தமைக்காக 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் அவரை நீக்கிற்று. அவர் தம் முன் வரலாற்றை மறைத்து, அடிநிலையிலிருந்து மீண்டும் தொடங்கி, நுண்சில்லு வடிவமைப்பில் உலகறிந்த வல்லுநரானார். நிறுவனம் மன்னிப்புக் கோரியதோ 2020இல்! இழந்தது யார் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊழியரும் மோட்டாரை இயக்க மறந்துவிடவில்லை. அவர் விரும்பும் பெயரைக் கேட்டறிந்து அப்பெயராலேயே அழையுங்கள். ஊராருக்கு எப்போது சொல்வதென்பதை அவரே முடிவு செய்யட்டும். தேநீர்க் கடையில் நாம் முந்திக்கொள்ள வேண்டாம். கேலி பேசும் உடன் ஊழியரை அன்றே கண்டியுங்கள். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறிய குறைகேட்கும் அலுவலர் இங்கு யாரென்பதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானித்துவிடலாம்.