தேர் எத்தனை அடி?



செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. சேத்தியாத்தோப்புப் பக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர்தான் எங்கள் பங்கில் அன்னைக்குத் தேர். அதைக் கழுவி, சவுக்குக் கட்டை நிறுத்தி, மூங்கில் வளைத்து, தெர்மாகோலில் கோபுரம் செய்து, சீரியல் பல்பு கட்டுவதெல்லாம் இளையோர் பொறுப்பு. நாங்கள் டீ வாங்கிக் கொடுப்போம், யோசனை சொல்வோம். டீக்கு மட்டும் மதிப்பு உண்டு.

இந்த முறை தேர் 18 அடி என்று முடிவு செய்திருந்தார்கள். பக்கத்து ஊர்த் தேர் 16 அடி. வேறு காரணம் இல்லை.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் பங்கு மக்களில் ஒருவர் வழியெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வந்தார். கடைசித் தெருவில் கம்பி தாழ்ந்து தொங்குகிறது, 11 அடிக்கு மேல் கூடவே கூடாது, தேர் வரும்போது மின்சாரத்தையும் நிறுத்தியாக வேண்டும் என்றார். பயமுறுத்துவதற்காக அவர் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சை அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் ஆலயத் திருவிழா வேலையில் இருந்த நால்வர், இரும்பு ஏணி மின்கம்பியில் உரசி மாண்டார்கள். இரண்டு இடத்திலும் பக்தியோடு வேலை செய்தவர்கள்தான்.

"அப்படியானால் தேரைத் தெருமுனையில் திருப்பிக்கொள்ளலாம். அந்த மக்கள் முனைக்கு வந்து கும்பிடட்டும்" என்றார் ஒரு பெரியவர். நியாயமாகத்தான் தோன்றியது. கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், தலை நிமிராமலே சொன்னாள்: "எங்க தெருவுக்கு வராததுக்கு வருசா வருசம் ஒரு காரணம் இருக்கு ஃபாதர். இந்த வருசம் கரண்ட் கம்பி."

அந்தக் காரணங்களில் சிலவற்றைச் சொன்னவர்கள் நாங்களே. சாதி என்ற சொல்லை மட்டும் சொன்னதில்லை. நம் உயர்மறைமாவட்டத்தில், 2008 மார்ச்சில், எறையூரில் சாதிப் பூசல் முற்றி, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போனதை நாம் அறிவோம். அங்கே நடந்ததை வேறு ஊர்க் கதையாகவே பேசிவந்தோம்.

சாமுவேல் இரண்டாம் நூல், ஆறாம் அதிகாரம். ஆண்டவரின் பேழையைத் தாவீது புது வண்டியில் ஏற்றுகிறார். தோளில் சுமக்க வேண்டியது அது. எண்ணிக்கை நூல் தெளிவாகச் சொல்கிறது. மாடுகள் இடறுகின்றன, பேழையைப் பிடித்த உசா இறக்கிறார். குருமடத்தில் இந்தப் பகுதியோடு நாங்கள் மல்லுக்கட்டியிருக்கிறோம். உசாவின் சாவுக்கு ஒரே ஒரு விளக்கம் சொல்வது இன்றும் எளிதல்ல. ஆனால் அடுத்து வருவதை அப்போது வேகமாகக் கடந்துவிட்டோம். பயந்துபோன தாவீது பேழையைத் தன் நகருக்குக் கொண்டுபோகவில்லை. காத்து ஊரைச் சேர்ந்த ஓபேது ஏதோமின் வீட்டில் இறக்கி வைக்கிறார். காத்து, கோலியாத்தின் ஊர். அந்த அயலான் வீட்டில் பேழை மூன்று மாதம் தங்குகிறது. ஆண்டவர் அந்த வீட்டாருக்கு ஆசி வழங்குகிறார். ஆசி வந்துகொண்டிருக்கும் செய்தி கேட்டுத்தான் தாவீது திரும்பி வருகிறார்.

இளைஞர்கள் அன்றிரவே கோபுரத்தைப் பிரித்தார்கள். இரண்டு அடுக்கு போயிற்று. முகம் வாடத்தான் செய்தது; ஒருவன் இரண்டு நாள் வரவே இல்லை. தேர் பதினோரு அடியில் நின்றது.

மின்சாரம் நிறுத்திய அந்தத் தெருவில் சீரியல் பல்பு எரியவில்லை. ஆளுக்கொரு மெழுகுதிரியோடு நின்றார்கள். ஒரு பாட்டி சம்பங்கி மாலையைத் தன் கையாலேயே அன்னையின் பாதத்தில் வைத்தார். அந்த உயரத்துக்குக் கை எட்டியது.

அடுத்த ஆண்டு தேர்பவனி அந்தத் தெருவிலிருந்தே புறப்படட்டும் என்று இளையோர் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பங்குப் பேரவை வரும் ஞாயிறு கூடுகிறது. செபித்துக்கொள்ளுங்கள்.