ஆற்றின் இறக்கமும் ஆலையின் சுழற்சியும்: பாபநாசம் முதல் மூடா வரை

ஆற்றங்கரையில் மாவாலை ஒன்று நீரால் இயங்குவதற்கு, ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதோடு அது எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதும் இன்றியமையாதது. ஆதலால் ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்லணை எழுப்பி, அதனால் மட்டம் உயர்ந்த நீரைப் பக்கக் கால்வாயில் திருப்பி, ஆலையருகே விழச்செய்து சக்கரத்தைச் சுழற்றுவது பல நாடுகளிலும் வழக்கமாயிற்று. தமிழகத்தில் அணைக்கட்டு எனப்படும் இத்தாழ்வணை, வெள்ளம் தன் மேலேயே வழிந்தோட இடங்கொடுப்பதால், நீரைத் தேக்கிவைக்கும் பெரிய அணையினின்று வேறுபட்டது. அவுரங்காபாத்தின் பஞ்சக்கி என்னும் நீராலையில் அணைக்கட்டுக்கு மாறாக நிலத்தடிக் குழாய்வழி நீர் கொணரப்பட்டு, அங்குள்ள தர்காவை நாடி வந்தோருக்கு மாவரைக்கப்பட்டது.

தமிழகத்தில் ஆற்றின் வீழ்ச்சியைப் பெருந்தொழிலுக்குப் பயன்படுத்திய தெளிவான சான்று பாபநாசமாகும். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவதாலும், மலையடிவாரத்தில் அருவியாக இறங்குவதாலும், ஹார்வி சகோதரர்கள் 1880களில் அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவியபோது அந்நீரையே இயங்குவிசையாகக் கொண்டனர். அங்கே தானியத்திற்கு மாறாகப் பருத்தியே பக்குவப்பட்டது எனினும், விழும் நீரின் விசையை அச்சுவழியே எந்திரத்திற்குக் கடத்தும் முறை மாவாலையின் முறையே. பிற்காலத்தில் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் எழுந்ததும் இதே இறக்கத்தை நம்பித்தான்.

ஆலைக்கும் பாசனத்திற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இவ்விடத்தில் புலனாகிறது. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை தாமிரபரணியில் அமைந்த 8 அணைக்கட்டுகள் நீரை வயல்களுக்குப் பிரித்தளிக்க, அங்கே பயிர் உண்டதும் வெயில் குடித்ததும் மீள்வதில்லை. ஆலையோ நீரின் இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீரை ஆற்றுக்கே திருப்பிவிடுகிறது. ஆற்றைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் இதைவிட நேரிய முறை அரிது.

தாமிரபரணிக்கு மாறாக, மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஓடும் மூடா ஆற்றின் கீழ்ப்பகுதி, சிடாம் கிரி வட்டாரம் உட்பட, சமவெளியாதலால், நீர் மிகுந்திருந்தும் சக்கரம் சுழற்றும் இறக்கம் அங்கே வாய்க்கவில்லை. மலாயாவின் நெல் ஆலைகள் உமியை எரித்து நீராவியால் இயங்கியமைக்கு இத்தகைய நில அமைப்பும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. மூடாவின் மேற்பகுதியிலோ 1960களின் இறுதியில் வேறொரு வகை அமைப்பு உருவாயிற்று: பரந்த நீர்ப்பிடிப்பும் சிறிய கொள்ளளவும் உடைய மூடா அணையின் நீர், சையோங் சுரங்கத்தின் வழியே, சிறிய நீர்ப்பிடிப்பும் பெரிய கொள்ளளவும் உடைய பெடு அணைக்குத் திருப்பப்பட்டது. 1970இல் தோன்றிய மாடா என்னும் மூடா வேளாண் வளர்ச்சி வாரியத்தின் பாசனப் பரப்பில் ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயல்கள் இருபோகம் விளைய இதுவே வழிசெய்தது. கெடாச் சமவெளியின் வளத்திற்குப் பெருந்துணையான இத்திட்டத்தில், அவ்வாறு திருப்பப்பட்ட நீர் பாபநாசத்து ஆலைநீரைப் போல் தன் ஆற்றுக்கு மீள்வதில்லை. கீழ்மூடாவிலிருந்தே பினாங்கு தன் குடிநீரின் பெரும்பகுதியை எடுப்பதால், கோடையில் மேலே எவ்வளவு திருப்பலாம், கீழே எவ்வளவு விடவேண்டும் என்ற கணக்கு இரு மாநிலங்களுக்கிடையே இன்றும் பேச்சுக்குரியதாக உள்ளது.